தோட்டத்து வாழ்க்கை: பொற்காலமா, பொறுத்த காலமா?

(காம்பாரில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சி மன்றத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அந்தக் காலம் மாதிரி வருமா?" கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும், ஏன், இறந்த வீட்டிலும்கூட நம் காதில் விழும் கேள்வி இது. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துகிற எனக்கு இது தினசரிப் பழக்கம். ஒரு பழைய பாடலைப் போட்டுவிட்டு, "உங்கள் நினைவுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். தொலைபேசி ஓயாது. லயத்து வீடு, திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படம், தீமிதித் திருவிழா, அடுத்த வீட்டுக் குழம்பு என்று ஒவ்வொருவரும் ஒரு தோட்டத்தையே கண்முன் கொண்டு வந்து நிறுத்திவிடுவார்கள். பேசி முடிக்கும்போது மட்டும் எல்லாருக்கும் ஒரே வாசகம்: "அப்போது நன்றாக இருந்தோம். இப்போதுதான் கெட்டுப்போனோம்."

தோட்டத்தில் நாம் கூடி வாழ்ந்தோம் என்பது உண்மை. அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் 'கூடி வாழ்ந்தோம்' என்பதும் 'நன்றாக வாழ்ந்தோம்' என்பதும் ஒன்றல்ல. முன்னது நம் பெரியவர்களின் பெருமை. பின்னது வரலாறு ஒத்துக்கொள்ளாத பேச்சு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த ஒரே கருத்து.

இதில் என்ன கெட்டுவிடப் போகிறது, வயதானவர்கள் ஆசைக்குப் பேசட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். வெறும் ஏக்கமாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பழைய காலம் பொற்காலம் என்று முடிவு கட்டிவிட்டால், இன்றைக்குக் கஷ்டப்படுகிறவன் தன் தவற்றால்தான் கெட்டான் என்றாகிவிடுகிறது. அடுக்குமாடி வீட்டில் வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பத்தைப் பார்த்து, "தோட்டத்தில் ஒழுங்காக இருந்தவர்கள், பட்டணத்துக்கு வந்து கெட்டார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் குடும்பம் தோட்டத்திலிருந்து எதைக் கையில் கொண்டு வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

விலை மலிவுதான், சம்பளம்?

பொற்காலக் கதையில் முதலில் வருவது விலைவாசி. "பத்துக் காசுக்கு வரக்கோப்பி குடித்தோம், ஒரு வெள்ளிக்கு வீட்டுச் சாமான் வாங்கினோம்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் விலையை மட்டும் சொல்லிச் சம்பளத்தைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கணக்குத்தான்.

1920களின் கடைசியில் தோட்டத் தொழிலாளிக்கு ஆணென்றால் ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணென்றால் 40 காசு என்பது அரசாங்கமே வகுத்துக் கொடுத்த கூலி. மாதம் 26 நாள் தவறாமல் வேலைக்குப் போனாலும் ஓர் ஆணின் கையில் 13 வெள்ளிதான் நிற்கும். அந்த 13 வெள்ளியிலிருந்துதான் தோட்டத்துக் கடைப் பற்றையும் அடைக்க வேண்டும், ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கும் பணம் அனுப்ப வேண்டும்.

அதுகூட நிலைக்கவில்லை. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்தபோது கூலியையும் வெட்டினார்கள். வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஓரிரு ஆண்டுகளில் அப்படிப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். விலை ஏறியதும் திரும்ப ஆள் பிடித்து வந்தார்கள். தேவைப்பட்டபோது அழைத்து, தேவையில்லாதபோது அனுப்பிவிடும் ஏற்பாடு அது.

1936 கடைசியில் இந்திய அரசாங்கம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியை இங்கே நிலைமையைப் பார்த்து வர அனுப்பியது. 1937இல் அவர் கொடுத்த அறிக்கையில், பழைய 50 காசு, 40 காசுக் கூலியை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், கங்காணி வைத்து ஆள் பிடிக்கும் முறைக்கு இனித் தேவையில்லை என்றும் சொன்னார். அடுத்த ஆண்டே கூலி மீண்டும் குறைக்கப்பட்டது. அதன் பிறகு, அந்த 1938இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவிச் செலவில் மலாயாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார அரசாங்கமே பொறுக்க முடியாமல் கதவைச் சாத்திய காலத்தைத்தான் நாம் பொற்காலம் என்கிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. மரம் வெட்டாவிட்டால் சம்பளம் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், மழைக்காக ஒதுங்கி நின்று, வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பிய நாட்கள் எத்தனை என்று பால் வெட்டிய எந்தப் பாட்டியும் சொல்வார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகும், மாதச் சம்பளம் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் கோரிக்கையாகவே கிடந்தது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 2013இல். தீபகற்பத்தில் அன்றைக்கு அது 900 வெள்ளி. சுதந்திரம் கிடைத்து 55 ஆண்டுகளுக்குப் பிறகு!

துரை கொடுத்தாரா?

"துரை நல்லவர். வீடு கொடுத்தார், பள்ளிக்கூடம் கொடுத்தார், ஆஸ்பத்திரி கொடுத்தார், கோயில் கட்ட இடம் கொடுத்தார்" என்பது அடுத்த பேச்சு. தனி மனிதர்களில் நல்ல துரைகள் இருந்திருக்கலாம். ஆனால் கொடுத்ததெல்லாம் தயவால் வந்ததல்ல.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால்தான் பள்ளி வந்தது. ஆனால் அந்தப் பள்ளி எப்படி இருந்தது? பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. சில தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் படித்தால் மரம் வெட்ட யார் வருவார் என்ற எண்ணம் பல நிர்வாகங்களுக்கு இருந்தது. அந்தக் கொட்டகைக்குள் தமிழைக் காப்பாற்றியவர்கள் நம் ஆசிரியர்களும் பெற்றோர்களும். அந்தப் பெருமையைத் துரையின் கணக்கில் எழுதக் கூடாது.

அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்று தெரிந்துகொள்ள 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பார்த்தால் போதும். அதை முன்னின்று நடத்தியவர் ஆர்.எச். நாதன். தமிழ் நேசன் பத்திரிகையின் துணையாசிரியராக இருந்தவர். தொழிலாளர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, நல்ல மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது, தங்கள் பெண்களிடம் மேலதிகாரிகள் தவறாக நடப்பதை நிறுத்துவது, உறவினர்கள் தோட்டத்துக்குள் தாராளமாக வந்து போவது. இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும்!

துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித்தான் நிற்க வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. அதை மாற்றச் சொல்லித் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பொற்காலத்தில் இருக்கிறவன் சைக்கிளில் போகும் உரிமைக்காக உயிரை விடுவானா? சிந்தித்துப் பாருங்கள்.

நம் பேராக்கில் என்ன நடந்தது?

இதெல்லாம் சிலாங்கூர்க் கதை என்று நினைக்க வேண்டாம். இந்தக் காம்பாரைச் சுற்றியே பார்ப்போம். காம்பார் ஈயத்தால் வளர்ந்த ஊர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் உலகத்துக்கே போனது. இன்று இந்த ஊரில் ஈயச் சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது. போய்ப் பார்ப்பவர்கள், தலையில் தொப்பியும் கையில் மரத்தட்டுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று துலாங் அலசிய பெண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த ஊரின் பெரிய பெரிய கடைவீடுகளுக்குப் பின்னால் அந்தப் பெண்களின் முதுகுவலி இருக்கிறது. ஈயத்தின் செழிப்பும் நிலைக்கவில்லை. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது சுரங்கங்கள் மூடப்பட்டுக் கிந்தா ஊர்கள் வெறிச்சோடின. 2007இல் பல்கலைக்கழக வளாகம் வந்த பிறகுதான் காம்பாருக்கு மறுபடி உயிர் வந்தது.

பத்து காஜா பக்கம் போனால் கெல்லி கோட்டை. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் பாதியில் நின்றுபோன மாளிகை அது. கட்டியவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். கட்டிக்கொண்டிருந்தபோதே விஷக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள், "எங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும்" என்று கேட்டார்கள். கோயில் எழும்பியது. கோயிலின் சுதைச் சிற்பங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் ஒரு துரையின் உருவத்தையும் வைத்தார்கள். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. மாளிகையின் அழகைப் பேசுகிற வழிகாட்டிகள் பலர் அதைக் கட்டிச் செத்தவர்களை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாமா?

பிறகு வந்தது ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை இதே காம்பாரின் குன்றுகளில் கடும் போர் நடந்தது. அதன் பின் மரவள்ளிக் கிழங்கும் வாழைமர நோட்டும்தான் வாழ்க்கை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்ற சரியான கணக்கு எழுதப்படவே இல்லை.

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் அவசர காலம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அது பிரகடனம் செய்யப்பட்டது. 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு, அரிசிக்குப் பங்கீடு. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, வேலைக்குப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக முடியாத கட்டுப்பாடு பல இடங்களில் இருந்தது. இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள் சொல்லும் இளமைக் காலம் இந்த முள்வேலிக்குள் தொடங்கியதுதான்.

நாடே ஏழையாகத்தான் இருந்தது

நம்மவர்கள் மட்டுமல்ல, எல்லா இனத்தவரும் தங்களுக்கென்று ஒரு பொற்காலம் வைத்திருக்கிறார்கள். கம்பத்து வாழ்க்கை அழகு என்று மலாய் நண்பர்கள் சொல்கிறார்கள். பழைய கடைத்தெரு அழகு என்று சீன நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் 1970ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கு வேறு கதை சொல்கிறது. தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. இரண்டில் ஒரு வீடு! மலாய்க்காரர்களில் ஏறக்குறைய 65 விழுக்காடு, இந்தியர்களில் 39, சீனர்களில் 26. 1974இல் ரப்பர் விலை விழுந்து சாமான் விலை ஏறியபோது, கெடா மாநிலத்தின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பசி தாங்காமல் வீதிக்கு வந்தார்கள்.

இன்னொரு கணக்கு மனத்தை உலுக்குவது. சுதந்திரம் அடைந்த 1957இல் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. "எனக்கு எட்டுப் பிள்ளை, ஐந்துதான் தங்கியது" என்று நம் பாட்டிகள் சாதாரணமாகச் சொல்வார்களே, அதற்குப் பின்னால் உள்ள கணக்கு இதுதான். அந்த மூன்று பிள்ளைகளை மறந்துவிட்டுப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கதவு ஏன் பூட்டப்படவில்லை?

"தோட்டத்தில் கதவைப் பூட்டியதே இல்லை" என்பது பெருமையாகச் சொல்லப்படுகிற வாசகம். எங்கள் நிகழ்ச்சியிலும் இதைக் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னொரு நேயர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பூட்டுவதற்கு உள்ளே என்ன தம்பி இருந்தது?"

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். இல்லாமை இருந்தது. அந்த இல்லாமைக்கு நடுவே ஒருவரை ஒருவர் நம்பினார்கள் என்பதும் இருந்தது. காலையில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போன தாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் துணை. கல்யாணம், சாவு, பிரசவம் எதற்கும் கையில் காசு இல்லாததால் ஆளுக்கு ஆள் தோள் கொடுத்தார்கள். அந்த ஒற்றுமையை நிர்வாகம் தரவில்லை. வறுமையை எதிர்கொள்ள நம் மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டது அது.

அந்த மக்கள் வெறும் பாட்டும் கூத்துமாக இருந்துவிடவும் இல்லை. கள்ளுக்கடைக்கு எதிராக நின்றார்கள். தொழிற்சங்கம் கட்டினார்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது தோட்டத் தொழிலாளர்களும் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அவர், நம் பேராக் மண்ணின் மைந்தர். மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்த்துக் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தினக்கூலிக்காரன் 10 வெள்ளியை மிச்சம் பிடிப்பது என்றால் எத்தனை வேளைச் சாப்பாட்டைக் குறைத்திருப்பான்? நாம் பெருமைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

வீடு யார் பெயரில்?

இத்தனையும் சொன்ன பிறகு ஒரே ஒரு கேள்வி. அந்த லயத்து வீடு யார் பெயரில் இருந்தது?

தோட்டத்தின் பெயரில். வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் யாராவது அதே தோட்டத்தில் வேலைக்குப் போக வேண்டும், இல்லையேல் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு அரையடி நிலம் சொந்தமில்லை. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தொழிலாளர்கள் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குப் போனார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் அங்கே என்று பிரிந்தவர்கள் பலர்.

1980களிலும் 90களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. அப்படி வெளியேறியவர்கள் மூன்று லட்சம் பேருக்கு மேல் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. வேலை, வீடு, பள்ளி, கோயில், அக்கம்பக்கம் எல்லாம் ஒரே நாளில் போயின. ஏனென்றால் எல்லாமே ஒரே நிலத்தில் நின்றன, அந்த நிலம் நம்முடையது இல்லை. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூறுக்குச் சற்று மேல்தான்.

ஆகவே பட்டணத்துக்கு வந்த குடும்பம் கெட்டுப்போய் ஏழையாகவில்லை. ஏழையாகவே வந்தது. நிலம் இல்லாமல், சேமிப்பு இல்லாமல், மரம் வெட்டுவதைத் தவிர வேறு தொழில் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாமல் வந்தது. தோட்டத்தில் அந்த வறுமையை ஒற்றுமை மூடி வைத்திருந்தது. பட்டணத்தில் அந்தப் போர்வை விலகிவிட்டது. இதைப் புரிந்துகொண்டால், இன்றைய பிள்ளைகளைத் திட்டுவதைக் குறைப்போம். வீடமைப்பு, தொழில் பயிற்சி, அடையாளப் பத்திரம், நியாயமான இழப்பீடு ஆகியவற்றைப் பற்றி அதிகமாகப் பேசுவோம்.

இன்னொன்று. நாம் விட்டுவந்த தோட்டங்களில் இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் தங்கி வேலை செய்கிறார்கள். 50 காசுக்காக நம் தாத்தா பட்ட பாட்டை உண்மையாக நினைவில் வைத்திருக்கிறவர்கள், அவர்களை ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள்.

நான்கு கேள்விகள்

இதைக் கேட்கிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு? மழை பெய்த நாளில் என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை பிள்ளை பிறந்து எத்தனை தங்கியது? தோட்டத்தை விட்டு வரும்போது கையில் எவ்வளவு கொடுத்தார்கள்? சம்பளச் சீட்டு, பழைய அடையாள அட்டை, தொழிற்சங்க அட்டை, பழைய படம் எது கிடைத்தாலும் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். நம் வரலாற்றை வேறு யாரும் நமக்காகச் சேர்த்து வைக்கப் போவதில்லை.

அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகு, திருவிழாவைப் பற்றியும் கேளுங்கள். அவர் முகம் மலரும். மலரட்டும். அவ்வளவு கஷ்டத்திலும் அவர்கள் திருவிழா கொண்டாடினார்கள் என்பது அப்போதுதான் உங்களுக்குச் சரியாகப் புரியும்.